கண்ணை மூடச் சொல்லாதீங்க: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல சிறார் காவல்ல இருக்கிற கறுப்பினப் பெண் பிள்ளைங்களைப் பத்தி எழுதியிருந்தேன். மனசுல பலமா அடிபட்ட அந்தப் பிள்ளைங்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சு, உடம்பு, சத்தம்னு இந்த நிமிஷம் நடக்கிறதைக் கவனிக்கிற தியானப் பயிற்சி) சொல்லிக் குடுக்கிறப்ப அதை அப்படியே கொண்டுபோய் இறக்கக் கூடாது, அவங்க வாழ்க்கைக்கும் பண்பாட்டுக்கும் ஏத்தபடி மாத்தணும்னு சொல்லியிருந்தேன். நிறைய கேள்வி வந்திருக்கு, கோவமாவும் சிலது வந்திருக்கு. அதுல சிலதுக்கு இங்க பதில்.

கேள்வி: மேடம், காவல்ல வைக்கிற அளவுக்குத் தப்பு பண்ணின பிள்ளைங்களுக்கு தியான வகுப்பு எடுக்கிறது சலுகை குடுக்கிற மாதிரி இல்லையா? அடிச்ச பிள்ளை யாரு, அடிபட்ட பிள்ளை யாருன்னு பார்க்க வேணாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

ஐயா, நீங்க பிரிக்கச் சொல்ற ரெண்டு பேரும் பெரும்பாலும் ஒரே பிள்ளைதான். 2015ல ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி ஆளுங்க வேற அமைப்புகளோட சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க, அதுல ஓரிகன் மாநிலத்துல சிறார் காவல்ல இருந்த பொண்ணுங்கள்ல 93 சதவீதம் பேர் பாலியல் கொடுமையோ அடி உதையோ அனுபவிச்சவங்கன்னு இருக்கு, சவுத் கரோலினாவுல பாலியல் வன்முறை மட்டும் 81 சதவீதம். அந்தப் பிள்ளை வீட்டுல இருக்க முடியாம ஓடுது. ஓடிப்போறதே அங்க கேஸ். ஸ்கூலுக்குப் போகாம இருக்கிறது, ராத்திரி வெளிய சுத்தறது, இதெல்லாம் பெரியவங்க பண்ணினா குத்தமே கிடையாது, 18 வயசுக்குக் கீழ இருக்கிறதாலயே குத்தம். இப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பூட்டி வைக்கக் கூடாதுன்னு 1974லயே அங்க மத்திய சட்டம் வந்தாச்சு. ஆனா 1980ல அதுல ஒரு ஓட்டை போட்டாங்க, ஜட்ஜ் போட்ட உத்தரவை மீறினா பூட்டலாம்னு. அப்ப என்ன ஆகுது, "வீட்டை விட்டுப் போகாத"ன்னு ஜட்ஜ் உத்தரவு போடுறாரு, வீட்டுல அவளைத் தொந்தரவு பண்றவன் அப்படியேதான் இருக்கான், அவ மறுபடி ஓடுறா, இப்ப அது கோர்ட் உத்தரவை மீறினதாயிடுது.

இதுல கறுப்பினப் பிள்ளைங்களுக்கு இன்னொரு சுமையும் சேருது. வெள்ளைக்காரப் பொண்ணுங்களோட ஒப்பிட்டா இவங்க அடைக்கப்படுற விகிதம் ஏறக்குறைய மூணு மடங்கு. 2017ல அதே ஜார்ஜ்டவுன் ஆளுங்க பெரியவங்க 325 பேர்கிட்ட கேட்டுப் பார்த்தாங்க. கறுப்பினப் பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு குறைவாப் போதும், அரவணைப்பு குறைவாப் போதும், விவரம் தெரிஞ்சதுங்கன்னு ஜனங்க நினைக்கிறது அதுல தெரிஞ்சுது, அதுவும் 5 வயசுல இருந்தே, 14 வயசு வரைக்கும் அந்த வித்தியாசம் ரொம்பத் தெளிவா. அஞ்சு வயசுக் குழந்தையைப் பார்த்து இவளுக்கு ஆறுதல் தேவையில்லன்னு தோணுதுன்னா அந்தக் கண்ணு பதினஞ்சு வயசுல அவளை எப்படிப் பார்க்கும்னு யோசிச்சுப் பாருங்க.

2020ல மிச்சிகன்ல நடந்ததைச் சொல்றேன். 15 வயசு கறுப்பினப் பொண்ணு, முன்னாடி ஒரு கேஸ்ல ப்ரொபேஷன்ல, அதாவது வெளியவே விட்டு கோர்ட் கண்காணிக்கிற நிலையில இருந்தா. கொரோனாவால ஸ்கூலை மூடிட்டாங்க, ஆன்லைன் பாடத்தை ஒழுங்கா செய்யலன்னு அவளைக் கொண்டுபோய் காவல்ல வெச்சுட்டாங்க. நாடே கொதிச்சு எழுந்து, மேல்முறையீட்டு கோர்ட் விடுவிக்கச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஜூலை 31, அதுக்குள்ள ரெண்டு மாசத்துக்கு மேல உள்ள இருந்துட்டா. இது சலுகை கேக்கிற விஷயம் இல்லீங்க ஐயா. வாத்தியாரா இருந்தவர் நீங்க, ஹோம்வொர்க் எழுதாத பிள்ளைங்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பீங்க.

கேள்வி: அக்கா, நான் இருக்கிறது அட்லாண்டாவுல. சின்ன வயசுல இருந்து யோகா கத்துக்கிட்டவ. ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற ஒரு கறுப்பினத் தோழி மூலமா, இங்க பக்கத்துல இருக்கிற பெண் பிள்ளைங்க டிடென்ஷன் சென்டர்ல (சிறார் காவல் இல்லம்) வாரம் ஒரு கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. கொஞ்சம் ஆசனம், பிராணாயாமம், சவாசனம், கடைசியா ஓம் சொல்லி முடிக்கலாம்னு இருக்கேன். வேற என்ன மாத்தணும்? (வாசகி, அட்லாண்டா)

தங்கச்சி, நீ போறது சந்தோஷம். ஆனா நீ போட்டு வெச்சிருக்கிற பிளானை முழுசா கலைச்சுட்டு மறுபடி போடணும், கோவிச்சுக்காத.

மொதல்ல கண்ணு. "கண்ணை மூடிக்கோங்க"ன்னு சொல்லவே சொல்லாத. ராத்திரி கண்ணை மூடினப்ப யாரோ ரூமுக்குள்ள வந்த அனுபவம் இருக்கிற பிள்ளைக்கு, முன்னப்பின்ன தெரியாத ஆள் முன்னாடி, தான் பூட்ட முடியாத ஒரு ரூம்ல, கண்ணை மூடுறது ஓய்வே கிடையாது, ஆபத்து. தரையில ஒரு புள்ளியைப் பார்க்கலாம், சுவத்தைப் பார்க்கலாம், விருப்பம் இருந்தா மூடலாம்னு சொல்லு, நீயும் கண்ணைத் தொறந்தே வெச்சிரு. சவாசனமும் அப்படித்தான், மல்லாந்து படுக்கிறதுன்னா அந்த உடம்புக்கு வேற ஞாபகம் வரும். உக்காந்தே முடிச்சுக்கலாம், சுவத்துல சாஞ்சுக்கலாம். லைட்டை அணைக்காத. அவங்க முதுகுக்குப் பின்னாடி போய் நிக்காத, எல்லாருக்கும் கதவு தெரியற மாதிரி வட்டமா உக்கார வை. ஆசனம் தப்பாப் போட்டா கை வெச்சு சரி பண்றது நம்ம பழக்கம், அங்க விரல் நுனி கூட படக் கூடாது, கேட்டுட்டுத் தொடுறேன்னு கூட வேணாம், ஏன்னா காவல்ல இருக்கிற பிள்ளைக்கு "வேணாம்"னு சொல்ற தைரியம் அன்னைக்கு இருக்குமான்னு உனக்குத் தெரியாது.

பிராணாயாமத்துல கும்பகம், அதான் மூச்சை அடக்கி வைக்கிறது, மொத்தமா வேணாம். யாராவது தன் கழுத்தை நெரிச்ச அனுபவம் உள்ளவங்களுக்கு மூச்சை அடக்கினா பீதி கிளம்பும், சிலருக்கு மூச்சைச் சும்மா கவனிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். அதனால மூச்சு மட்டும்தான் வழின்னு வெச்சுக்காத, உள்ளங்கால் தரையில அழுந்துறது, நாற்காலி முதுகைத் தாங்குறது, தூரத்துல கேக்கிற சத்தம், இப்படி நாலஞ்சு குடுத்து அவங்களையே எடுத்துக்கச் சொல்லு. பாடி ஸ்கேன்னு தலையில இருந்து கால் வரைக்கும் வரிசையா கவனிக்கச் சொல்வாங்கள்ல, அதையும் விட்டுடு, கை மட்டும், கால் மட்டும் போதும். ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்னு ஆரம்பி. முதல்ல அசைவு, அப்புறம்தான் சும்மா இருக்கிறது. எதைச் செய்யப் போறியோ முன்கூட்டியே சொல்லிடு. இன்னொண்ணு, மெத்தான்னு ஒரு கருணை தியானம் இருக்கு, கடைசியில நமக்குத் தீங்கு செஞ்சவங்களும் நல்லா இருக்கட்டும்னு நினைக்கச் சொல்லுவாங்க. அதை அந்தப் பிள்ளைங்ககிட்ட கேக்கவே கேக்காத. யாரை எப்ப மன்னிக்கிறது, மன்னிக்கணுமா வேணாமாங்கிறது அவங்க சொந்த விஷயம்.

இது வரைக்கும் சொன்னது மனசுல பட்ட அடிக்காக, டிராமான்னு (trauma) சொல்றாங்களே அதுக்காக. இனி பண்பாடு.

உன் தோழியைக் கூப்பிட்டுக்கிட்டுப் போ, அவங்க நடத்தட்டும், நீ பக்கத்துல இரு. இது உன்னைக் குறைச்சுச் சொல்றது இல்லம்மா. அட்லாண்டாவுல ஸ்பெல்மன் காலேஜ்ல நடாலி வாட்சன்-சிங்கிள்டன்னு ஒரு பேராசிரியை, அவங்க குழு கறுப்பினப் பெண்கள்கிட்டயே கேட்டு 2019ல ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. எங்க ஆளு நடத்தணும், எங்களுக்குப் பழகின வார்த்தையில சொல்லணும், தனித்தனியா உக்காராம கூட்டா செய்யற எங்க வழக்கம் உள்ள வரணும்னு அந்தப் பெண்கள் கேட்டிருக்காங்க. ஆப்பிரிக்கத் துணி விரிச்சு முரசு ஒண்ணு வெச்சுட்டா ஆச்சுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அது அலங்காரம் மட்டும்தான்.

அவங்ககிட்டயே இருக்கிறதைப் பாரு. கறுப்பினச் சர்ச்சுல வார்த்தையே இல்லாம வாய் மூடி முனகிப் பாடுவாங்க, ஒருத்தங்க ஒரு அடி எடுத்துக் குடுக்க மத்தவங்க சேர்ந்து பதில் பாடுவாங்க. அப்படி ஹம் பண்றப்ப வெளிமூச்சு தானா நீளும், உடம்பு தானா தணியும், பாட்டி மடியில இருந்து வந்த பிராணாயாமம் அது. முடி பின்னுறதும் அப்படித்தான், ஒருத்தி காலுக்கு நடுவுல இன்னொருத்தி உக்காந்து மணிக்கணக்கா பின்னி விடுவா, ஆனா சென்டர்ல அதுக்கு அனுமதி உண்டான்னு கேட்டுக்கோ. அவங்க விரும்புற பாட்டையே போட்டு ஒரு தடவை முழுக்க அடியில கனமா ஒலிக்கிற பேஸ் (bass) சத்தத்தை மட்டும் கேளுங்கன்னு சொல்லு, நடுவுல கவனம் ஓடிச்சுன்னா மறுபடி பேஸுக்கு வரட்டும், அதுவே பயிற்சி. ஆனா எல்லாரும் சர்ச்சுக்குப் போறவங்கன்னு நீயா முடிவு பண்ணிடாத, முஸ்லிம் பிள்ளை இருப்பா, ஹெய்ட்டி குடும்பத்துல இருந்து வந்தவ இருப்பா, சர்ச்சுலயே அடிபட்டவளும் இருப்பா. கேளு, கேட்டுட்டு எடு.

நீ அங்க பார்க்கப் போற இன்னொரு விஷயம், இந்தப் பிள்ளைங்க அழ மாட்டாங்க. கறுப்பினப் பெண்ணுன்னா பலசாலியா இருக்கணும், எதையும் வெளிக்காட்டக் கூடாது, யார்கிட்டயும் உதவி கேக்கக் கூடாது, தன்னை விட்டுட்டு ஊரைக் காப்பாத்தணும், இப்படி ஒரு சுமையை வளர்றப்பவே தலையில தூக்கி வெச்சிடறாங்க. நார்த் கரோலினா பேராசிரியை ஷெரில் வுட்ஸ்-கிஸ்காம்பே 2010ல இதைப் பத்தி விளக்கமா எழுதியிருக்காங்க, அந்தக் காலத்து அடிமை வாழ்க்கையில உயிர் பிழைக்கத் தேவைப்பட்டது இன்னைக்கு உடம்பைத் தின்னுதுன்னு. அதனால "நீ எவ்ளோ ஸ்ட்ராங்!"னு பாராட்டாத. அவளுக்கு அது இன்னொரு மூட்டை.

அப்புறம் ஒரு பிள்ளை "அந்தக் காவல்காரன் என்னை மட்டும்தான் முறைச்சுக்கிட்டே இருக்கான்"னு சொன்னா, "அது ஒரு எண்ணம், மேகம் மாதிரி வந்துட்டுப் போகட்டும்"னு மட்டும் சொல்லிடாத தங்கச்சி. அது எண்ணம் இல்ல, நடக்கிற விஷயம். "நடக்கிறது நிஜம், அதை உடம்புல எந்த இடத்துல தாங்குற?"ன்னு கேளு. அவ தோள்னு சொன்னா தோளைத் தளர்த்த வழி சொல்லு, புகார் குடுக்கிற வழியையும் சொல்லு. ரெண்டும் சேர்ந்தாத்தான் அவ உன்னை நம்புவா.

ஓம் வேணாம். உங்க பக்கத்து மாநிலம் அலபாமாவுல 1993ல ஸ்கூல்ல யோகாவையே தடை பண்ணினாங்க, 2021லதான் எடுத்தாங்க, அதுவும் பெத்தவங்க அனுமதி வேணும், மந்திரம் கூடாது, நமஸ்தே கூடாது, ஆசனத்துக்கெல்லாம் இங்கிலீஷ் பேருதான்னு நிபந்தனையோட. பாப்டிஸ்ட் கிறிஸ்தவப் பாட்டி ஒருத்தங்க "என் பேத்தியை மதம் மாத்தறாங்க"ன்னு பயந்தா அந்தப் பிள்ளைக்கு வகுப்பே போயிடும். சத்தம் எதுன்னு அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்.

ரெண்டு விஷயம் கேட்டுக்கிட்டு உள்ள போ. ஒண்ணு, வகுப்புக்கு வந்தா பாயின்ட், வரலன்னா பாயின்ட் குறைப்புன்னு சென்டர் வெச்சிருக்கான்னு பாரு. இருந்தா அதை எடுக்கச் சொல்லு, "இன்னைக்கு வரல"ன்னு சொல்ற உரிமைதான் முதல் பாடம். ரெண்டு, அவங்க சொல்றதுல எதை நீ ரகசியமா வெச்சுக்க முடியாது, எதை சட்டப்படி ரிப்போர்ட் பண்ணியாகணும்னு தெரிஞ்சுக்கிட்டு முதல் நாளே வெளிப்படையாச் சொல்லிடு. எத்தனை வாரம் வருவேன்னு சொல்றியோ அத்தனை வாரமும் போ. இவங்க வாழ்க்கையில சொல்லாம நின்னு போனவங்க ஏற்கனவே நிறைய.

கேள்வி: தியானம் நம்ம மண்ணோட சொத்து. வெள்ளைக்காரங்க அதுக்குப் புதுப் பேரு வெச்சாங்க, இப்ப கறுப்பினத்துக்குன்னு தனியா இன்னொரு மாத்தம். அவங்களுக்கும் தியானத்துக்கும் என்னங்க சம்பந்தம்? (வாசகர், மதுரை)

சம்பந்தம் நிறைய இருக்குங்க, சொல்ல ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த மனசு வராது.

ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் மெடிக்கல் சென்டர்ல எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பை ஆரம்பிச்சது 1979ல. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கனெக்டிகட் ஜெயில்ல ஒரு கறுப்பினப் பொண்ணு தானா தியானம் கத்துக்கிட்டா. எரிக்கா ஹக்கின்ஸ், கறுப்பின உரிமைக்காகப் போராடின பிளாக் பேந்தர் கட்சியில இருந்தவங்க. 1969 ஜனவரியில அவங்க புருஷன் ஜான் ஹக்கின்ஸை லாஸ் ஏஞ்சலீஸ்ல சுட்டுக் கொன்னுட்டாங்க, அப்ப கைக்குழந்தை பிறந்து மூணு வாரம். அதே வருஷம் இவங்களையும் கைது பண்ணி உள்ள போட்டாங்க. குழந்தையை வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் பார்க்க முடியும். அந்த நேரத்துல குழந்தை முன்னாடி உடைஞ்சு போகாம இருக்கணும், அவ கெளம்பிப் போன பிறகும் பைத்தியம் பிடிக்காம இருக்கணும், அதுக்காக வக்கீல்கிட்ட யோகா புஸ்தகம் ஒண்ணு கேட்டு வாங்கி அதைப் பார்த்துப் பார்த்து உக்காந்து பழகினாங்க. யாரும் வகுப்பு எடுக்கல. 1971ல கேஸ் தள்ளுபடி ஆகி வெளிய வந்தாங்க. அதோட விடல, 1973ல இருந்து 1981 வரைக்கும் ஓக்லண்ட்ல பேந்தர்ஸ் நடத்தின ஸ்கூலுக்கு டைரக்டரா இருந்து அங்க கறுப்பினக் குழந்தைங்களுக்கு தினமும் தியான நேரம் வெச்சாங்க, பின்னாடி ஜெயில் ஜெயிலாப் போயும் சொல்லிக் குடுத்தாங்க.

கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸும் 1970ல கைதாகி உள்ள இருந்தப்பதான் யோகாவும் தியானமும் ஆரம்பிச்சதாச் சொல்லியிருக்காங்க. ரோசா பார்க்ஸ் யோகா பண்ற 1973ம் வருஷத்துப் போட்டோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துல இருக்கு. பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுக் குடுக்காத அதே ரோசா பார்க்ஸ்தான். அதுக்கும் முன்னாடி, ஹோவர்ட் தர்மன்னு ஒரு கறுப்பினப் பாதிரியார், அடிமையா இருந்த பாட்டி வளர்த்த பிள்ளை, 1935ல கொழும்புல வந்து இறங்கி, இந்தியா முழுக்கச் சுத்தி, சாந்திநிகேதன்ல தாகூரையும் பர்தோலியில காந்தியையும் பார்த்துட்டுத் திரும்பினாரு. மௌனத்துல உக்கார்றதைத் தன் பிரார்த்தனைக் கூட்டத்துக்குள்ளயே கொண்டு வந்தாரு, மார்ட்டின் லூதர் கிங்குக்கே வழிகாட்டியா இருந்தவரு.

ஆக, இந்தப் பிள்ளைங்களுக்கு எரிக்கா ஹக்கின்ஸ் கதையைச் சொல்லிட்டு ஆரம்பிச்சா இது வெளியாள் கொண்டு வந்த சமாச்சாரமா இருக்காது, தன் பாட்டி வயசுல ஒருத்தங்க இதே மாதிரி பூட்டின ரூம்ல இதைச் செஞ்சாங்கன்னு தெரியும். யாரோட சொத்துன்னு கேட்டீங்க. உள்ள இருந்துக்கிட்டு அதை வெச்சுப் பிழைச்சவங்களுக்கும் அதுல பங்கு உண்டுன்னுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: நான் எம்.எஸ்.சி. சைக்காலஜி படிக்கிறேன். இதெல்லாம் வேலை செய்யுதுன்னு ஆதாரம் இருக்கா அக்கா? (மாணவி, கோயம்புத்தூர்)

இருக்கு, ஆனா எது எங்க யாருக்குன்னு பார்த்துப் படிக்கணும். 2014ல பெசல் வான் டெர் கோக்ங்கிற மனநல மருத்துவரோட குழு பாஸ்டன் பக்கம் ஒரு சோதனை பண்ணினாங்க, எந்த சிகிச்சைக்கும் மசியாத பிடிஎஸ்டி (PTSD, கொடுமையான அனுபவத்துக்கு அப்புறம் விடாம தொடர்ற மனப் பாதிப்பு) இருந்த 64 பெண்கள், ஒரு பாதிக்கு வாரம் ஒரு மணி நேரம் டிராமாவுக்குன்னே மாத்தின யோகா, பத்து வாரம், மறுபாதிக்கு பெண்கள் நலம் பத்தின வகுப்பு. முடிவுல யோகா பக்கம் 52 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டிங்கிற அளவுக்குக் கீழ இறங்கிடுச்சு, இன்னொரு பக்கம் 21 சதவீதம். நல்ல முடிவுதான், ஆனா அவங்க எல்லாம் வயசு வந்தவங்க, வீட்டுல இருந்து வந்து போனவங்க.

காவல்ல இருக்கிறவங்கன்னா நோயல் லியோனார்ட் குழு 2013ல போட்டதைப் படி. 16ல இருந்து 18 வயசு, 264 பேர், எல்லாம் பசங்க. நாலு மாசத்துல எல்லாருக்குமே கவனிக்கிற சக்தி குறைஞ்சுதான் போச்சு, மைண்ட்ஃபுல்னெஸ் கலந்த பயிற்சி எடுத்தவங்களுக்குக் குறைவாக் குறைஞ்சுது. இதை ரெண்டு விதமாப் படிக்கலாம், பயிற்சி உதவுச்சுங்கிறது ஒண்ணு, அந்த இடமே மூளையைக் கெடுக்குதுங்கிறது இன்னொண்ணு, எனக்கு ரெண்டாவதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது. பிரிட்டன்ல 84 ஸ்கூல்ல எட்டாயிரத்துக்கு மேல பிள்ளைங்களை வெச்சு நடந்த மைரியட் ஆய்வு 2022ல வந்துச்சு, எல்லாருக்கும் ஒரே மாதிரி மைண்ட்ஃபுல்னெஸ் குடுத்தா வழக்கமான வகுப்பை விட பெருசா ஒண்ணும் நடக்கலன்னு தெரிஞ்சுது. பிரவுன் யுனிவர்சிட்டியில வில்லபி பிரிட்டன் தியானத்தால சிலருக்கு வர்ற கெடுதலையே தொடர்ந்து ஆராயுறாங்க, பீதி, பழைய நினைவு திரும்பி வர்றது, உடம்பு மரத்துப் போற மாதிரி ஆகுறதுன்னு. அதையும் சேர்த்துப் படி.

கறுப்பினப் பெண் பிள்ளைங்க, அதுவும் காவல்ல இருக்கிறவங்களை மட்டும் வெச்சு நடந்தது ரொம்பக் கம்மி, சின்னச் சின்ன குழு. விர்ஜீனியாவுல ஃபே பெல்கிரேவ் உருவாக்கின சிஸ்டர்ஸ் ஆஃப் நியா இருக்கு, அது தியானம் கிடையாது, பெரியக்காமாரை வெச்சு பண்பாட்டு வழியில பிள்ளைங்களை வளர்க்கிற குழுமுறை, எப்படி ஒரு நிகழ்ச்சியைப் பண்பாட்டுக்குள்ள இருந்தே கட்டுறதுன்னு தெரிஞ்சுக்க அதை அவசியம் பாரு. தீசிஸ் எழுதுறன்னா ஒரு யோசனை, "எத்தனை சண்டை குறைஞ்சுது"ன்னு ஸ்டாஃப் எழுதின கணக்கை மட்டும் அளவுகோலா வெச்சுக்காத. அந்தப் பிள்ளை தூங்கினாளா, யாரை நம்புறா, பாதியில நின்னவ ஏன் நின்னா, இதை யாரு கேட்டு எழுதியிருக்காங்கன்னு தேடு.

கேள்வி: இப்பதான் தியானத்துக்கு நிறைய ஆப் இருக்கே, அது போதாதா? (வாசகர், பெங்களூரு)

காவல்ல சொந்த ஃபோன் கிடையாதுங்க. வெளிய வந்த பிறகு ஆப் உதவலாம், கறுப்பினக் குரல்ல பேசுற ஆப் கிடைச்சா இன்னும் நல்லது. ஆனா மனுஷங்களால உடைஞ்ச நம்பிக்கை மனுஷங்ககிட்டதான் திரும்ப ஒட்டும்.

கேள்வி: அக்கா, உள்ளுக்க பூட்டி வச்சுக்கொண்டு "மூச்சைக் கவனி" எண்டு சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்ல. இடத்தை மாத்தாமல் பிள்ளையளை மட்டும் மாறச் சொல்லுறது என்ன நியாயம்? சத்தம் போடாமல் இருக்கப் பழக்கிறதுதானே இது? (வாசகி, டொரன்டோ)

உங்க கேள்வியை நான் முழு மனசோட ஏத்துக்கிறேன். அந்த ஆபத்து நிஜம். காலையில துணியைக் கழட்டி சோதனை போட்டுட்டு, மத்தியானம் தனி ரூம்ல அடைச்சுட்டு, சாயங்காலம் மைண்ட்ஃபுல்னெஸ்னா அது அந்தப் பிள்ளைக்காக நடக்கல, காவல்காரங்களுக்கு வேலை சுலபம் ஆகணும்னு நடக்குது. நான் எப்பவும் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த அமைதி யாருக்குப் பயன்படுது? அவ ராத்திரி தூங்குறதுக்கா, தன் கேஸைப் பத்தி வக்கீல்கிட்ட தெளிவாப் பேசுறதுக்கா, இல்ல எதையும் கேக்காம வரிசையில நிக்கிறதுக்கா? அவ கோவம் அவளுக்கு நடந்ததுக்கான நியாயமான கோவம்னா அதைக் கரைச்சு விடுறது எந்தப் பயிற்சியோட வேலையும் இல்ல.

அதனால ஸ்டாஃபுக்குத்தான் முதல் வகுப்பு எடுக்கணும்னு சொல்றவங்க கட்சி நான். எதிர்த்துப் பேசுறாளேன்னு அவங்க நினைக்கிறது பாதி நேரம் பயம், உடம்பு ஓடவோ அடிக்கவோ தயாரா நிக்குது, அதை "திமிரு"ன்னு எழுதி வெச்சிடறாங்க. அந்த எழுத்து கோர்ட் வரைக்கும் போகுது.

பூட்டாமலே இருக்கவும் முடியும்ங்க. ஹவாய் மாநிலத்துல 2022 ஜூன் மாசம் அவங்க சிறார் காவல் இல்லத்துல ஒரு பொண்ணு கூட இல்லங்கிற நிலைமைக்கு வந்தாங்க. அதுக்குப் பின்னாடி பல வருஷ வேலை, பிள்ளைங்களை டிராமா சிகிச்சைக்கும் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற உதவிக்கும் திருப்பி விட்டது. ஃப்ளோரிடாவுல பேஸ் (PACE) சென்டர் 1985ல இருந்தே பெண் பிள்ளைங்களை உள்ள அனுப்பாம வெளியவே படிக்க வைக்குது, கூடவே கவுன்சிலிங். சான் ஃப்ரான்சிஸ்கோவுல யங் விமன்ஸ் ஃப்ரீடம் சென்டரை 1993ல இருந்து நடத்துறாங்க, காவல்ல இருந்துட்டு வந்த பொண்ணுங்களே அங்க முன்னாடி நின்னு வேலை செய்யறாங்க. பால்டிமோர்ல ராபர்ட் கோல்மன் ஆரம்பப் பள்ளியில தப்பு பண்ற பிள்ளையைத் தண்டனை ரூமுக்கு அனுப்பாம, ஹோலிஸ்டிக் லைஃப் ஃபவுண்டேஷன் ஆளுங்க நடத்தின தியான ரூமுக்கு அனுப்புற வழக்கத்தைக் கொண்டு வந்தாங்க. அலி ஸ்மித், ஆட்மன் ஸ்மித்னு அந்த ஊர்லயே வளர்ந்த கறுப்பின அண்ணன் தம்பியும் அவங்க நண்பர் ஆண்ட்ரஸ் கொன்சாலஸும் 2001ல ஆரம்பிச்ச அமைப்பு அது. கேஸ் ஆகுறதுக்கு முன்னாடியே பிள்ளையைப் பிடிச்சு நிறுத்துற இடம்.

ஆனா இன்னைக்கு ராத்திரி உள்ள ஒரு பிள்ளை தூங்காம உக்காந்திருக்கா, அவகிட்ட "இடம் மாறட்டும், அப்புறம் வர்றேன்"னு என்னால சொல்ல முடியலம்மா. ரெண்டு வேலையும் ஒண்ணா நடக்கணும்னு கேக்கிறேன்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில ஸ்கூல் கவுன்சிலரா இருக்கேன். 14 வயசு கறுப்பினப் பொண்ணு, டிடென்ஷன்ல இருந்து திரும்ப வந்திருக்கா, பாட்டிகூட இருக்கா. வகுப்புல டமால்னு சத்தம் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிடுறா. டீச்சருங்க ஆட்டிட்யூட்ங்கிறாங்க. நான் இந்த வாரமே என்ன செய்யலாம்? (வாசகி, எடிசன்)

இந்த வாரமேன்னு கேட்டது எனக்குப் பிடிச்சிருக்கு, நேரா விஷயத்துக்கு வர்றேன். அவ வெளிய போறது நல்ல அறிகுறி, அவ அடிக்கல, கத்தல, தன்னைக் காப்பாத்திக்கிற வழியைத் தானே கண்டுபிடிச்சிருக்கா. அந்த வழியை அடைக்காம அதுக்கு ஒரு ஒழுங்கு குடுங்க. சுவரோரமா, கதவு தெரியற மாதிரி சீட். வெளிய போகணும்னா டீச்சர்கிட்ட காட்ட ஒரு அட்டை, எங்க போறதுன்னு ஒரே இடம், அங்க யாரு இருப்பாங்கன்னு ஒரே ஆள், எத்தனை நிமிஷம்னு அவளே சொல்லட்டும். அங்க போய் என்ன செய்யறதுன்னு அவகிட்டயே கேளுங்க, நடக்கிறதா, சில்லுனு தண்ணி குடிக்கிறதா, இயர்ஃபோன்ல ஒரு பாட்டா. மூச்சுப் பயிற்சி அவ கேட்டா மட்டும்.

பாட்டியைப் பார்த்துப் பேசுங்க, ஸ்கூலுக்கு வரச் சொல்லாம முடிஞ்சா நீங்க போங்க. வீட்டுல அவ பதறினா பாட்டி என்ன பண்றாங்கன்னு கேளுங்க, பாடுவாங்களா, தலை கோதுவாங்களா, ஜெபம் பண்ணுவாங்களா, பாதி விடை அங்கதான் இருக்கும். அவ முடியைப் பத்தி, பின்னலைப் பத்தி ஸ்கூல்ல யாராவது குத்தம் சொல்றாங்களான்னும் கவனிங்க, நியூ ஜெர்சியில 2019 டிசம்பர்லயே முடியை வெச்சு பாகுபாடு பண்றதைச் சட்டத்துல தடுத்தாச்சு. டீச்சருங்ககிட்ட சொல்றப்ப அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு விளக்கவே விளக்காதீங்க, அது அவ கதை, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க: பின்னாடி இருந்து வராதீங்க, தொடாதீங்க, எல்லார் முன்னாடியும் பேரைச் சொல்லிக் கண்டிக்காதீங்க, செக்யூரிட்டியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க.

இன்னும் முக்கியமானது இது. அவ இன்னும் ப்ரொபேஷன்ல இருந்தா, வகுப்பை விட்டு வெளிய போனது "கட்"னு பதிவாகி, அது ப்ரொபேஷன் மீறல்னு ஆகிடலாம், மேல சொன்ன மிச்சிகன் பொண்ணுக்குப் பாடம் செய்யாததே மீறலான மாதிரி. அதனால வாய்மொழியா விடாதீங்க. 504 பிளானுக்கு (உடம்பாலயோ மனசாலயோ சிரமப்படுற பிள்ளைக்கு ஸ்கூல் எழுத்துல குடுக்கிற ஏற்பாடு) இந்த வாரமே மனு போடுங்க, "இவளுக்கு வகுப்பை விட்டு வெளிய போய்த் திரும்ப வர அனுமதி உண்டு, இது பிளான்ல உள்ளது"ன்னு எழுத்துல வாங்குங்க, அட்டெண்டன்ஸ் போடுறவங்களுக்கும் தெரியப்படுத்துங்க. பாட்டி சம்மதிச்சா அவ வக்கீலுக்கு ஒரு காப்பி அனுப்புங்க, ப்ரொபேஷன் ஆபீசருக்குக் குடுக்கலாமான்னு அந்த வக்கீல்கிட்டயே கேட்டுட்டுச் செய்யுங்க.